பிள்ளை இல்லாதவர்களுக்கான ஜெபம்

அது ஏழாவது சபையா எட்டாவதா என்பதில் தாவீதுக்கு இப்போதும் நிச்சயமில்லை. ஞானபூரணத்தைக் கேட்டால் ஆறாவது என்பாள். மேலநீலிதநல்லூரில் பதினொரு பேர் மட்டும் உட்கார்ந்திருந்த அந்த ஓட்டு வீட்டை அவள் சபையாகச் சேர்ப்பதில்லை. டீயும் முறுக்கும் கொடுத்து அனுப்பியதால் அது விருந்துக்குப் போனது என்பாள். லெந்து எனும் நோன்புக் காலம் தொடங்குவதற்கு முன்பு என்று அவருக்கு ஞாபகம். தொடங்கிய பிறகு என்பாள் அவள், அன்று வீட்டில் கறி எடுக்கவில்லை என்பதைச் சாட்சிக்கு வைத்து. அவர் தன் ஞாபகத்தை நம்புவதை விட்டு நாளாகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவருக்கு உறுதியாகத் தெரிந்ததெல்லாம், தன் வாயிலிருந்து வந்த மூன்று சொற்கள்தான்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில் எலெக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருந்த தாவீது, முப்பது வருடம் ஒரே வேதக்கோயிலில், இடப்பக்கம் நான்காவது பெஞ்சில் உட்கார்ந்து வந்தவர். மாதத்தின் முதல் ஞாயிறு வேதபாடம் வாசிப்பது அவர்தான். இரண்டரை வருடத்துக்கு முன்பு ஒரே மகள் பெனிட்டா, திருவேங்கடத்தில் விதையும் உரமும் விற்கும் லிங்கேஷைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு, அன்று சாயங்காலமே அவனோடு வாசலில் வந்து நின்றாள். நெற்றியில் பொட்டு இருந்தது. தாவீது அந்தப் பொட்டைத்தான் பார்த்தார். எனக்குப் பிள்ளையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்ப வெளியே வந்தபோது வாசலில் யாரும் இல்லை. ஞானபூரணம் இரண்டு காப்பித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கோயிலில் யாரும் குத்திப் பேசவில்லை. கோயில் குருவான ஐயர் மட்டும், கொஞ்ச நாளைக்கு வேதபாடத்தை வேறு யாராவது வாசிக்கட்டுமே என்று தோளில் கை வைத்துச் சொன்னார். அதைக்கூடத் தாங்கியிருப்பார். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது ஒவ்வொருவரும் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சாய்த்துப் பார்த்தார்கள், துக்கம் கேட்கப் போன துட்டி வீட்டில் பார்ப்பது போல. ஒரு ஞாயிறு காலையில், நம்மை ஒருத்தருக்கும் தெரியாத இடமாகப் பார்த்துப் போவோம் என்றார். ஞானபூரணம் சேலை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு எக்ஸெல் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

அதன்பிறகு எத்தனை சபைகள். ஒன்றில் பாட்டுக்குப் பாட்டு டிரம்ஸ் அடித்தார்கள். திரும்பி வந்து இரண்டு நாளைக்கு அவருக்குக் காதுக்குள் வண்டு இரைந்தது. ஒன்றில் நகை போடக் கூடாது என்றார்கள். ஞானபூரணம் அவள் அம்மா போட்டுவிட்ட கம்மலைத் தொட்டுப் பார்த்துவிட்டு மெல்ல எழுந்து வெளியே வந்துவிட்டாள். ராயகிரிக்குப் போகிற வழியில் ஒன்று அவருக்குப் பிடித்திருந்தது, அமைதியாக இருந்தது. ஆனால் மூன்றாவது வாரம் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது என்று ஆரம்பித்தார். நான்காவது வாரம் தாவீது வண்டியை வேறு சாலையில் திருப்பினார். எங்கே போனாலும் கடைசியில் அந்தக் கேள்வி வந்து நின்றது. ஆண்டவரைத் தேடி அலைகிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் பிள்ளைகளைப் பற்றிக் கேட்காத சபையைத்தான் தேடினார் என்பது அவருக்கும் தெரியாமல் இல்லை.

வீட்டில் இருவரும் அதைப் பேசியதில்லை. ஞானபூரணம் தினமும் பன்னிரண்டரை மணி வாக்கில் அடுக்களைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் மகளோடு போனில் பேசுவாள். மதியம் சாப்பிட வருகிற தாவீது, குழாய் ஓடினால் வாசலிலேயே நின்றுவிட்டு, அது நின்ற பிறகு செருமிக்கொண்டு உள்ளே வருவார். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

இந்தச் சபை கழுகுமலை சாலையில், முன்பு விசைத்தறி ஓடிய ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகைகூட இன்னும் எழுதியிருக்கவில்லை. பாஸ்டர் தங்கப்பழம் பல வருடம் மினிபஸ் ஓட்டியவர். உள்ளே போங்க, உள்ளே போங்க, இடம் கெடக்கு என்று இரண்டு கைகளாலும் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கனகலட்சுமி வாசலில் ஒரு நோட்டோடு நின்று, புதிதாக வந்தவர்களின் பெயரை எழுதிக்கொண்டாள். பெயர் எழுதியானது. தெரு எழுதியானது.

"பிள்ளைங்க, அண்ணாச்சி?"

குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தாவீது நிமிராமலே சொன்னார்.

"எங்களுக்குப் பிள்ளை இல்லம்மா."

எவ்வளவு லேசாக வந்தது. அன்று மகள் முகத்துக்கு நேரே சொன்னபோது உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது கதவிலக்கம் சொல்வது போல வந்துவிட்டது. அந்த லேசுதான் அவரைப் பயமுறுத்தியது. இரண்டு அடி தள்ளி நின்ற ஞானபூரணம் அவரைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் போய்ப் பாயில் உட்கார்ந்து முக்காடு போட்டுக்கொண்டாள். பாட்டு, சாட்சி, பிரசங்கம் எல்லாம் நடந்தன. தாவீது தலைக்கு மேலே திணறித் திணறிச் சுற்றிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். கெப்பாசிட்டர் போயிருக்கிறது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

ஜெப நேரம் வந்ததும் பாஸ்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். நம் நடுவில் ஒரு அருமையான குடும்பம் வந்திருக்கிறது என்றார். இத்தனை வருடமாக ஒரு குழந்தையின் சிரிப்புக்காக ஏங்கும் குடும்பம் என்றார். தாவீது நிமிர்ந்தார். யாரைச் சொல்கிறார் என்று அக்கம்பக்கம் பார்ப்பதற்குள் இரண்டு பேர் அவரை அணைத்து முன்னால் கூட்டிப் போய்விட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஞானபூரணமும் வந்து சேர்ந்தாள். இருவரையும் முழங்காலில் நிறுத்தி, தலைமேல் கை வைத்து, வேதத்தில் தொண்ணூறு வயதில் பிள்ளை பெற்ற தாயை நினைவுபடுத்தி, சபை முழுக்க ஒரே நேரத்தில் சத்தம் போட்டு ஜெபிக்க ஆரம்பித்தது. அதில் சூது இல்லை, நடிப்பு இல்லை. பீடி சுற்றும் பெண்களும் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஆட்களும் முன்பின் தெரியாத இரண்டு பேருக்காகக் கண்ணீர் விட்டுக் கேட்டார்கள். அவர் தலையில் இருந்த கைகள் சூடாக இருந்தன.

பக்கத்தில் ஞானபூரணத்தின் தோள் குலுங்கியது. பெண்கள் அதைப் பார்த்து இன்னும் சத்தம் கூட்டினார்கள். இரண்டரை வருடம் அடக்கியது இங்கே உடைகிறது என்று நினைத்துத் தாவீது ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் முந்தியை வாயில் திணித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அது நின்றது. அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தலையைக் குனிந்துகொண்டிருப்பார். அவள் சும்மா பார்த்தாள், கரண்டு போன வீட்டில் விளக்கு வரக் காத்திருப்பவளைப் போல.

தாவீது கையை உயர்த்தினார். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிற்று.

"பாஸ்டர், பொய் சொல்லிட்டேன். பிள்ளை இருக்கு. ஒரே பிள்ளை. பெனிட்டா."

கொட்டகையில் மின்விசிறி மட்டும் திணறியது. தங்கப்பழம் நோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"என்ன வயசு அண்ணாச்சி?"

"இருபத்தேழு."

"அப்ப நாம கேக்குததுக்கு முன்னாலயே ஆண்டவர் குடுத்துட்டாரு. நாமதான் இருபத்தேழு வருசம் லேட்டு."

முதலில் ஒரு ஆள் சிரித்தார், பிறகு கொட்டகையே சிரித்தது. கனகலட்சுமி ஞானபூரணத்தின் தோளைப் பிடித்து, "எக்கா, அப்ப நீங்க அழலையா?" என்றாள்.

"அம்பத்தி நாலு வயசுல தொட்டில் கட்டச் சொன்னா, அழவா செய்வாக?"

சிரிப்பு ஓய்ந்ததும் பாஸ்டர், சரி, அந்தப் பிள்ளைக்காகவே ஜெபித்துவிடுவோம் என்றார். எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். திருவேங்கடம் என்றார் தாவீது. கண்ணை மூடப் போன பாஸ்டர் மறுபடி திறந்தார்.

"மருமகன் பேரு?"

அந்தப் பெயரை இரண்டரை வருடத்தில் தாவீது ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. அந்தப் பையன் என்றுகூடச் சொன்னதில்லை. பாஸ்டர் காத்திருந்தார். பாயில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். ஞானபூரணம் சொல்லிவிடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"லிங்கேஷ்," என்றார்.

"லிங்கேஷ் தம்பி," என்று பாஸ்டர் திருப்பிச் சொன்னார், தினமும் தன் வண்டியில் ஏறி இறங்குகிறவனைச் சொல்வது போல. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது ஞானபூரணம் ஏறவில்லை. வெயிலில் நின்றபடியே போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். பக்கத்தில் ஓடுவதற்குத் தண்ணீர்க் குழாய் எதுவும் இல்லை.

"சோறு வடிச்சிட்டியா மக்கா? ரெண்டு ஆளுக்குச் சேத்து வடி. அப்பாவும் வாராக."

மகள் போனை வைத்துவிட்டாளோ என்று ஞானபூரணம் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். தாவீது வண்டிக் கைப்பிடியைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சாலையில் ஒரு டவுன் பஸ் போனது, அதன் பின்னால் வைக்கோல் ஏற்றிய லாரி போனது. அதற்குப் பிறகுதான் பெனிட்டாவின் குரல் வந்தது, அவருக்கே கேட்கும்படி.

"கத்தரிக்காக் கொழம்புல்லம்மா வச்சிருக்கேன். அப்பாவுக்கு ஆகாதே."

"ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லு," என்றார் தாவீது.

அன்று அவர் கத்தரிக்காய்க் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் முழுக்கக் கடையில் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

பாஸ்டர் தங்கப்பழத்தின் சபை இப்போதும் அதே கொட்டகையில்தான் நடக்கிறது, பெயர்ப்பலகை வந்துவிட்டது. ஞானபூரணம் பழைய கோயிலுக்கே திரும்பிப் போய்விட்டாள். மகளைப் பற்றி யாராவது முகத்தைச் சாய்த்துக் கேட்டால், போட்டோ காட்டுகிறாள். தாவீது எந்தச் சபையிலும் பெயர் பதியவில்லை. வேதபாடம் வாசிக்க ஐயர் திரும்பக் கூப்பிடவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. பெனிட்டா பொட்டு வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு அவளும் லிங்கேஷும் காரில் வந்து, இவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கொட்டகைச் சபைக்குப் போகிறார்கள். லிங்கேஷ் உள்ளே வருவதில்லை. வேப்பமரத்தடியில் காரில் சாய்ந்து நின்றுகொள்வான். அவனை வா என்று தாவீது கூப்பிட்டதில்லை. போன மாதம் உள்ளேயிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் போட்டார். ஒன்றில் தான் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மற்றதில் அவன் உட்கார்ந்தான். உள்ளே பாட்டு ஆரம்பித்தது.