மார்லிஸின் வான்கோழிப் பாத்திரம்

என் தம்பி ஹார்லன் பிடிவாதக்காரன். மினசோட்டா பனிக்காலத்தில், மண்ணில்லாமல் உரத்தண்ணீரிலேயே லெட்யூஸ் கீரை வளர்க்கிறேன் என்று நிலவறையில் விளக்குகளைக் கட்டித் தொங்கவிட்டான். தொட்டியாக அவன் எடுத்துக்கொண்டது, போன வருடம் தவறிப்போன அவன் மனைவி மார்லிஸ் நவம்பர் விருந்துக்கு வான்கோழி சுடும் மெல்லிய அலுமினியப் பாத்திரத்தை.

"அறிவிருக்கா உனக்கு? அந்தத் தண்ணியில செடிக்குன்னு ஆசிட் மாதிரி புளிப்பு மருந்து வேற ஊத்துற. அலுமினியத்தை அரிச்சுடும்டா! ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கித் தொலை" என்று கத்தினேன்.

"முப்பது வருஷம் அவ புழங்கினது அக்கா. சும்மா கிடக்கறதைப் பாக்க முடியல. இதுல ஏதாவது உயிரோட இருக்கட்டுமே."

நான் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

மார்ச்சில், செடியெல்லாம் சாகிறது என்று கூப்பிட்டான். நன்றாகத் திட்டிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். செடிகள் வாடிக் கிடந்தன. வேர்கள் பழுப்பேறிக் கட்டையாகச் சுருங்கியிருந்தன. தரையெல்லாம் ஈரம். ஹார்லன் காலிப் பாத்திரத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். அடியில் ஊசித் துளைகள் வழியாக வெளிச்சம் தெரிந்தது.

"மார்லிஸ் இதுல தக்காளி மட்டும் சமைக்கவே மாட்டாக்கா. வேற பாத்திரம் தேடுவா" என்றான். "ஏன்னு நான் ஒருநாளும் கேட்டதே இல்ல."