எஞ்சினில் நின்ற தண்ணீர்

தமிழ்வாணியின் பெயரைப் போட்டுவிட்டால் என்ன? அவள்தான் இங்கே இல்லையே.

இந்த எண்ணம் தனக்குள்ளிருந்துதான் வந்தது என்று உணர்ந்ததும் பவதாரிணி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற மேலாளர் ஜெயபாண்டி இன்னும் வாயே திறக்கவில்லை. அவர் சொல்லப்போவது தெரிந்து, அவள் மனம் அதற்கு முன்பே நாக்கை நீட்டிக் காத்திருந்தது.

திரையில் ஒரு படகு எஞ்சினின் படம். பனி உறையும் தேசத்திலிருந்து வந்தது. இரும்பு உடலில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. எண்ணெயும் தண்ணீரும் கலந்து திரிந்த பாலைப் போல வழிந்திருந்தது. இப்படிப் பதினோரு படங்கள்.

குளிர்காலத்துக்கு முன் படகு எஞ்சினை எப்படிப் பாதுகாப்பது என்ற கையேட்டை எழுதியது சிம்மக்கல்லில் துணிக்கடை மாடியில் இயங்கும் இந்த அலுவலகம்தான். எஞ்சினுக்குள் நிற்கும் தண்ணீரை முதலில் முழுக்க வடித்துவிட்டு, பிறகுதான் உறையாத திரவத்தை ஊற்ற வேண்டும். தமிழ்வாணி அப்படித்தான் எழுதியிருந்தாள். சரிபார்த்த பவதாரிணிதான் வடிக்கச் சொன்ன வரியை அடித்தாள். காரில் கூலன்ட் குறைந்தால் மேலே ஊற்றிக்கொள்கிறோமே, இதுவும் அப்படித்தான் என்று நினைத்தாள்.

"அக்கா, உள்ள நிக்கிற தண்ணி உறைஞ்சா வெடிச்சிராதா?" என்று அன்றே கேட்டாள் தமிழ்வாணி.

"ஆமா, இவ பனிக்கட்டியிலதான் பொறந்து வளந்தா!" என்றாள் பவதாரிணி. அறையே சிரித்தது.

வீட்டில் ஃப்ரீசரில் மறந்துபோன சோடா பாட்டில் வெடித்து, சில்லுகளைப் பொறுக்கியவள்தான் பவதாரிணி. தெரியாமல் இல்லை. சின்னவள் கேட்டுவிட்டாளே என்ற எரிச்சல், அவ்வளவுதான்.

"என்னம்மா, எம்புட்டு நேரமா அதையே பாத்துக்கிட்டு இருக்க?" ஜெயபாண்டி உளுந்த வடையை மென்றபடி குனிந்தார். "தப்பு யாருதுன்னு எஞ்சின் கம்பெனிக்காரன் எழுத்துல கேக்குறான். தமிழ்வாணின்னு போட்டு, கீழ நீ கையெழுத்துப் போட்டு அனுப்பு."

"அவ பிரசவத்துக்குல்ல போயிருக்கா, அண்ணே."

"அதைத்தானே நானும் சொல்றேன். கைப்பிள்ளையத் தூக்கிட்டு வந்து சண்டையா போடப்போறா? இனி வேற இடம் பாத்துக்கிடட்டும்."

"அந்த வரிய அடிச்சது நான்."

"அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவனுக்கு எதுக்குங்கிறேன்? பதினாலு வருசமா இருக்கவ நீ. ஒன்னய நான் விட்டுருவேனா?"

அந்தப் பாசம் அவள் மேல் ஈரமாக ஒட்டியது. அவர் வடை தின்ற விரலாலேயே அவளுடைய விசைப்பலகையில் தமிழ்வாணியின் பெயரைத் தட்டினார். எழுத்துகளின் மேல் எண்ணெய் மினுங்கியது. அவரை அருவருப்பது எளிதாக இருந்தது. ஆனால் அந்தப் பெயர் திரையில் வந்து நின்றபோது தன் நெஞ்சுக்குள் ஏதோ லேசானதே, அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

"அனுப்பிரு. நான் டீ சொல்லிட்டு வாரேன்."

பவதாரிணி எண்ணெய் பட்ட விசையின் மேலேயே விரலை வைத்து, அந்தப் பெயரை ஓர் எழுத்து விடாமல் அழித்தாள்.

"அவ பேருக்குக் கீழ நான் கையெழுத்துப் போடலண்ணே," என்றாள். குரல் உயரவில்லை.

காலியாகக் கிடந்த கட்டத்தில் தன் பெயரை எழுதத் தொடங்கினாள்.