பெண்ணாடத்தில் திரும்பிய சைக்கிள்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா, ஆசைக்கு சைக்கிள் விட்ட ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

தொண்ணூற்று நாலில், விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் மூன்று பேர் லீவு நாளில் வெகுதூரம் சைக்கிளில் போவார்கள். மறுநாள் டீ நேரம் முழுக்க அந்தப் பேச்சுதான். பொம்மைக்கு வர்ணம் பூசும் அனுசியாவுக்கும் அவர்களோடு சேர ஆசை.

"மேக்கால திட்டக்குடி வரைக்கும் போயிட்டு வாம்மா, சேத்துக்கறோம்" என்றிருந்தார் மூவரில் ஒருவரான ராஜாங்கம்.

ஆடி மாதத்து ஒரு திங்கட்கிழமை, கிழக்கே சேத்தியாத்தோப்புக்குத் தனியாகப் போய்வந்த பெருமையை அளந்து முடித்துவிட்டு அவர் கேட்டார்: "நீ திட்டக்குடி போனியா?"

அவளோடு கூடப் போனவர் யாருமில்லை. 'போனேன்' என்றால் முடிந்தது. ஆனால் அவளுக்குப் பிடித்ததே திரும்பி வந்த வழிதான். பொய் சொன்னால் அதை யாரிடம் சொல்வது?

"இல்லண்ணே. எதிர்காத்துல காலு வுட்டுப்போச்சு, பாதி வழி, பெண்ணாடத்துலயே திரும்பிட்டேன். அப்புறம் அதே காத்து முதுகப் புடிச்சுத் தள்ளுச்சு பாருங்க, வூடு வர்ற வரைக்கும் சிரிச்சுகிட்டே வந்தேன்."

ராஜாங்கம் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்கு வரும்போது எதிர்காத்தும்மா. பஸ்ஸு மேல சைக்கிள ஏத்திட்டுதான் வந்தேன்."

"அடப்பாவி, இவ்வளவு நேரம் அளந்தியே!" என்றார் மூவரில் இன்னொருவரான கலியபெருமாள். "அனுசியா, அடுத்த வாரம் நீ எங்ககூட வா."

உங்கள் வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் பாதியில் திரும்பினாலும் சிரித்த முகமாய்த் திரும்பட்டும். அவர்களுக்குச் சோறு சூடாய்க் காத்திருக்கட்டும்.