நானூறா, அறுநூறா

அந்தத் தெருவில் அவரைச் சூரியன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பழைய கிடங்கை வாடகைக்குப் பிடித்து, சன்னல்களை அடைத்து, கூரையிலிருந்து பெரிய விளக்குகளைத் தொங்கவிட்டு, குளிர்காலம் முழுக்கத் தக்காளி நாற்றும் குடைமிளகாய் நாற்றும் வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுப்பவர். வெளியே மேகம் மூடிக் கிடக்கும்போது உள்ளே உச்சிவெயில் அடிக்கும். "கரண்ட் போனா எனக்கு மட்டும் கிரகணம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் காலை ஏணியில் நின்று, வலது ஓரத்து வரிசையின் பழைய பல்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கை மரத்து, வாய் கோணி, சரிந்து விழுந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்துப் பட்டறை வெல்டர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கழற்றி வைத்திருந்த பல்புகளெல்லாம் அவர் விழுந்ததில் நொறுங்கிவிட்டன. யாரோ கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

பக்கவாதம் என்றார்கள். உயிர் தங்கியது. வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "சரி." பசிக்குதா என்றால் சரி. வலிக்குதா என்றால் சரி. "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று மனைவி கேட்டபோதும் அதே சரி.

"நாம பேசுறது அவருக்கு ஓரளவு புரியுதும்மா" என்றார் டாக்டர். "பதிலும் மனசுல இருக்கு. வாய்க்கு வர்றது அந்த ஒரு வார்த்தைதான். அவர் சரின்னு சொன்னா அதுக்குச் சரின்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க."

மனைவி தையல் வேலை செய்கிறவள். ஓய்ந்த நேரத்தில் கிடங்குக்குப் போய் நாற்றுகளுக்குத் தண்ணீர் விடுவாள், தட்டுகளை மாற்றி வைப்பாள். விளக்குப் பக்கம் மட்டும் அவர் யாரையும் விட்டதில்லை. இப்போது கிடங்கு முழுக்க அவள் தலையில் விழுந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நின்றாள்.

ஒவ்வொரு விளக்குக்கும் சுவர்ப் பலகையில் ஒரு சோக் பெட்டி உண்டு. பல்புக்குள் எவ்வளவு மின்சாரம் போகவேண்டும் என்று கட்டுப்படுத்துவது அதுதான். அவர் அவற்றைப் பல காலத்தில் பல இடத்தில் வாங்கியிருந்தார். சில நானூறு வாட்டுக்கு, சில அறுநூறுக்கு. மேலே ஒட்டியிருந்த தாள்கள் சூட்டில் கருகி, ஓர் எழுத்தும் தெரியவில்லை. புதுப் பல்புகளோ இரண்டு வகையும் ஒரே அட்டைப்பெட்டியில் கலந்து கிடந்தன. எதை எடுத்தாலும் எந்த ஹோல்டரிலும் திருகி ஏறிவிடும்.

இருட்டாகிப்போன வலது வரிசையில் நாற்றுகள் வெளிறி, நெட்டையாகி, பக்கத்து வரிசை வெளிச்சத்துக்காகக் கழுத்தை நீட்டிச் சாய்ந்தன. மற்ற வரிசைகளில் ஒரு தட்டு நுழைக்கவும் இடமில்லை. எலக்ட்ரீசியனுக்குப் போன் செய்தாள். "அந்தப் பெட்டியப் பிரிச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும். வெளியூர்ல இருக்கேன். இந்த வேலைய முடிச்சுட்டு வர்றேன்" என்றார் அவர். நாற்றுகள் அவருக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

வேன் ஓட்டும் கொழுந்தன் வந்து பார்த்தான். "மாட்டிப் பாத்துடுவோம் அண்ணி. எரிஞ்சா எரியுது, இல்லன்னா கழட்டிடுவோம்."

முதல் ஹோல்டரில் அறுநூறு பல்பைத் திருகினான். அது மங்கலாக மினுக்கி மினுக்கி அணைந்தது. நானூறு பல்பைப் போட்டதும் ஒழுங்காக எரிந்தது. அடுத்த ஹோல்டரில் நேராக நானூறையே போட்டான்; அதுவும் எரிந்தது.

"பெரிசுதான் அடம் பிடிக்குது. சின்னது எங்க போட்டாலும் எரியுது. எல்லாத்துக்கும் சின்னதே போட்டுடுவோம், ஆபத்தில்ல."

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குறைவாகக் கொடுத்தால் எதுவும் கெட்டுப்போகாது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆனாலும் அந்த வரிசையின் நாலு விளக்கும் எரிந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். "முதல் பல்பு மஞ்சளா இருக்கு. மத்த மூணும் ஏன் தம்பி இப்படி வெளுத்து எரியுது?"

"புதுசுல்ல அண்ணி. புது மாப்பிள்ளை முறுக்கு."

நீண்ட நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். அந்த வாரத்தில் நாற்றுகள் நிமிர்ந்து, இலைகளில் பச்சை ஏறியது. அவர் பார்த்தால் மனம் தேறும் என்று செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

முதலில் அவர் முகம் மலர்ந்தது. இடது கையால் போனைப் பிடித்து அருகே இழுத்தார். விளக்குகளைக் கண்டதும் முகம் மாறியது.

"சரி" என்றார். பிறகு வேகமாக, "சரி, சரி, சரி" என்றார். கண்ணில் நீர் கோத்தது. இடது கையால் கட்டில் கம்பியை அடித்தார்.

"என்னங்க? பல்பா? தப்பா மாட்டிட்டோமா?"

"சரி."

"ஆமான்னா என் கையை ஒரு தடவை அழுத்துங்க. இல்லன்னா ரெண்டு தடவை."

அவர் அழுத்தினார். விடவில்லை. அவள் விரல்கள் வெளுக்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தார். தன் வாயிலிருந்து வருவதைக் கேட்டுத் தானே தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். நர்ஸ் வந்து, "பிரஷர் ஏறுது. இந்தப் பேச்சு இப்போதைக்குப் போதும்மா" என்று போனை வாங்கி அவள் பையில் வைத்தார்.

என்ன தப்பு என்று தெரியவில்லை. ஏதோ தப்பு என்பது தெரிந்துவிட்டது. வராந்தாவுக்கு ஓடிவந்து கொழுந்தனுக்குப் போன் செய்தாள். "தம்பி, அந்த வரிசைய உடனே அணைங்க."

"லோடு இறக்கிட்டு இருக்கேன் அண்ணி, ஊருக்கு வெளியே. நீங்க போறதுக்குள்ள என்னால வர முடியாது."

சாவி அவர்கள் இருவரிடம் மட்டுமே இருந்தது. வெல்டரின் எண் அவளிடம் இல்லை. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போயிற்று. அவள் மடியில் பையை இறுக்கிக்கொண்டு ஓட்டுநரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனையிலேயே கருகிய பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. கிடங்குக் கதவின் பூட்டு உடைந்து கிடந்தது. வாசலில் வெல்டர் தீயணைப்புச் சிலிண்டரும் கையுமாக இருமிக்கொண்டு நின்றார்.

"பட்டாசு மாதிரி வெடிச்சுதும்மா. கண்ணாடி சூடா விழுந்து, தட்டு மேல மூடியிருந்த பிளாஸ்டிக் தாள் பத்திக்கிச்சு. பூட்ட உடைச்சுட்டேன். வேற வழி தெரியல."

"நல்ல காரியம் பண்ணீங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தீ பெரிதாகப் பரவியிருக்கவில்லை. ஆனால் சிலிண்டரின் வெள்ளைப் பொடி எல்லா வரிசைகளிலும், எல்லாத் தட்டுகளிலும், ஒவ்வொரு இலையின் மேலும் படிந்திருந்தது. மற்ற விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. மெயின் சுவிட்சை அணைத்தாள்.

எலக்ட்ரீசியன் வந்து அந்த வரிசைப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார். "நாலுல மூணு அறுநூறும்மா. பல்பு சின்னதா இருக்கேன்னு சோக் குறைச்சுத் தராது. அது தள்ளுறதை எல்லாம் பல்பு குடிச்சே ஆகணும். தாங்குற மட்டும் பளிச்சுன்னு எரியும்." நான் வெளியூர் போகாமல் இருந்திருக்கலாம் என்று இரண்டு முறை சொன்னார்.

அவளும் கொழுந்தனும் தட்டு தட்டாகக் கழுவிப் பார்த்தார்கள். இளந்தண்டுகள் கையோடு ஒடிந்து வந்தன. விவசாயிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் கோபப்படவில்லை, "பருவம் போயிடுமேம்மா" என்று வேறு இடம் தேடிப் போனார்கள்.

அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனாள். அவசியமே இருக்கவில்லை. அவர் இடது கையை நீட்டி, குளித்தும் போகாமல் அவள் காதோரத் தலைமுடியில் ஒட்டியிருந்த பொடியைத் தொட்டார். விரலைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துவந்தார்கள். கிடங்கைக் காலி செய்து கொடுத்த பிறகு ஒரு மதியம், அவள் மசித்த சோற்றைக் கரண்டியில் எடுத்து ஊட்டப் போனபோது, அவர் உதட்டைக் குவித்து, முகம் சிவக்கத் திணறி, "வேண்டாம்" என்றார்.

பயிற்சி தரும் பெண் கைதட்டினாள். "பாத்தீங்களா அக்கா, ரெண்டாவது வார்த்தை வந்துடுச்சு. இனிமே ஒண்ணொண்ணா வரும்."

அவளுக்காக மனைவியும் சிரித்தாள். பிறகு வெளியே போய், வராந்தாக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். பின்னாலேயே வந்த கொழுந்தன் கையில் சோற்றுக் கிண்ணம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றான்.