ஆள் நுழையும் இடம்

ஷமீமாவின் தம்பி ஆசிப் ஷார்ஜாவிலிருந்து கூனிமேட்டுக்குத் திரும்பி ஆறு மாதம் ஆகியிருந்தது. அங்கே ஒன்பது வருடம் பைப் ஃபிட்டராக இருந்தவன். ஒரு ஆஸ்பத்திரியில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே குழாய் ஒழுகியது. வால்வை மூடுவதற்காக, ஏசி காற்று போகும் இரண்டு தகர டக்ட்டுகளுக்கு நடுவே கையை விட்டான். கை மாட்டிக்கொண்டது, ஏணி நழுவியது, உடம்பின் மொத்த எடையும் வலது தோளில் தொங்கியது. இரண்டு ஆபரேஷன் ஆன பிறகும் கை காதுக்கு மேலே போகவில்லை. யாராவது வந்து நலம் விசாரித்தால் சிரித்து மழுப்பிவிட்டு மாடிக்குப் போய்விடுவான்.

ஷமீமா சிவில் டிப்ளமோ படித்தவள். பெரிய முதலியார்சாவடியில் பரத் என்பவர் நடத்தும் சின்ன ஆபீஸில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் போவாள், மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே பார்ப்பாள். வளைகுடாவில் எழும்பப்போகும் கட்டடங்களின் கம்ப்யூட்டர் மாடல்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. தூணையும் பீமையும் ஒரு குழு வரையும், தண்ணீர்க் குழாய்களை இன்னொரு குழு, ஏசி டக்ட்டை மூன்றாவது குழு. ஷமீமாவின் சாஃப்ட்வேர் அத்தனையையும் ஒரே கட்டடமாக அடுக்கி, எது எதில் இடிக்கிறது என்று சிவப்பில் காட்டும். யார் எவ்வளவு நகர வேண்டும் என்று அவள் ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி அனுப்புவாள். கான்கிரீட் போட்ட பிறகு உடைப்பதற்குப் பதில் திரையிலேயே நகர்த்திவிடலாம்.

அன்று காலையிலிருந்து கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. கடல்காற்றின் உப்பு மின்கம்பத்தில் படிந்தால் அப்படித்தான். பதினோரு மணிக்கு நிலையாக வந்ததும், மஸ்கட்டில் வரப்போகிற ஒரு ஆஸ்பத்திரியின் நான்காம் மாடி மாடலை சாஃப்ட்வேரில் கடைசியாக ஒருமுறை ஓட்டினாள். ஒரு சிவப்பும் இல்லை. மறுநாள் அனுப்ப வேண்டிய ரிப்போர்ட் அது. மூன்று வார வேலை முடிந்த நிம்மதியில் பக்கத்தில் ரப்பர் பட்டையை இழுத்துக் கைக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஆசிப் அதுவரை அவள் திரையை உற்றுப் பார்த்ததில்லை. காரிடாருக்குள் போகச் சொன்னான், போனாள். தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல் திருப்பச் சொன்னான், திருப்பினாள். சீலிங்குக்கு மேலே ஒரு வால்வை விரலால் காட்டினான்.

“இந்த வால்வ யாரு மூடுவாங்கக்கா?”

“மெயின்டனன்ஸ் ஆளுங்கதான்.”

“எப்படி மூடுவான்?”

ஷமீமா அளந்து பார்த்தாள். வால்வுக்கும் அதன் கீழே போகும் டக்ட்டுக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர். ஒன்றோடொன்று இடிக்கவில்லை, அதனால் சாஃப்ட்வேருக்கு அது தப்பில்லை. ஆனால் அந்தப் பத்து சென்டிமீட்டருக்குள் மனிதனின் கை எப்படிப் போகும் என்று அது கேட்கவில்லை. தானும் கேட்கவில்லை என்பது அவளுக்குச் சுருக்கென்றது.

ஆசிப் அளவு டேப்பை எடுத்துவரச் சொல்லி, இரும்புக் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டான். தோளைப் போட்டு அலட்டாதே என்று அடுப்படியிலிருந்து அம்மா மைமூன் அதட்டினார். அவன் இடது கையை நீட்டி, ஸ்பேனரைத் திருப்புவதுபோல் அரைவட்டம் சுற்றிக் காட்டினான். எங்கே முழங்கை மடங்கும், தலை எங்கே இருக்கும், எந்தப் பக்கம் ஏணி நிற்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் அளந்து எழுதிக்கொண்டாள். திரும்பி வந்ததிலிருந்து அவன் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதே இல்லை என்பது எழுதும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சாயங்காலத்துக்குள் அந்த அளவில் ஒரு பெட்டி வரைந்து, மாடலில் இருந்த ஒவ்வொரு வால்வின் முன்னாலும் வைத்தாள். பெட்டிக்குள் வேறு எதுவும் வரக் கூடாது என்று விதி எழுதி மறுபடியும் ஓட்டினாள். அறுபத்து நான்கு இடம் சிவந்தது.

பரத்துக்கு ஃபோன் செய்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு அவர், இதை யாரும் நம்மைப் பார்க்கச் சொல்லவில்லையே என்றார். கொடுத்த விதிப்படி எதுவும் எதிலும் இடிக்கவில்லை, கடைசி நாளில் போய் அறுபத்து நாலு என்றால் மற்ற குழுக்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

“சார், இந்த மாதிரி எடத்துல கை மாட்டிக்கிட்டவன் எங்க வீட்டுலதான் இருக்கான்” என்றாள் ஷமீமா.

 

“நாளைக்கு அவரையும் கூட்டிட்டு வாங்க” என்றார் பரத்.

மறுநாள் மஸ்கட் ஆட்களோடு வீடியோ மீட்டிங். ஏசி குழுவின் இன்ஜினியர் எடுத்த எடுப்பிலேயே சலித்துக்கொண்டார். ஆங்கிலத்தில் வாக்குவாதம் வளர்ந்தபோது ஆசிப் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். மஸ்கட் சைட்டில் ஃபோர்மேனாக இருந்த அந்தோணிசாமி செஞ்சிப் பக்கத்துக்காரர். அவர்தான் இடைமறித்து, அந்தத் தம்பி என்ன சொல்கிறார் என்று தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள் என்றார். ஆசிப் சொன்னான். தோளைத் தொட்டுக் காட்டவும் இல்லை, தன் கதையைச் சொல்லவும் இல்லை. எந்த வால்வுக்கு எந்தப் பக்கத்திலிருந்து கை போக வேண்டும் என்பதை மட்டும் சொன்னான். அந்தோணிசாமி பாதியிலேயே தலையாட்டத் தொடங்கிவிட்டார். அதை அவரே இன்ஜினியருக்கு எடுத்துச் சொன்னார்.

வேலை இரண்டு வாரம் நீண்டது. நாற்பத்தொன்பது இடங்களில் டக்ட் நகர்ந்தது. பதினொரு இடங்களில் சீலிங்கில் பெரிய திறப்பு வைத்தார்கள். மீதி நான்கு வால்வுகள் வேறு அறைக்கே போயின. பரத் அந்தப் பெட்டியை இனி எல்லா மாடலுக்கும் வைக்கச் சொன்னார். ஒவ்வொரு மாடலையும் அனுப்புவதற்கு முன் பார்த்துச் சொல்ல ஆசிப்பை ஆபீஸுக்கு வரச் சொல்லி, சம்பளமும் பேசினார்.

அடுத்த வருடம் மே மாதம், ஷமீமா ஸ்கூட்டியில் தம்பியைப் பின்னால் உட்காரவைத்து மரக்காணத்துக்கு பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவன் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அந்தோணிசாமி பெயரைப் பார்த்து அவன் வண்டியை நிறுத்தச் சொன்னான். உப்பளத்தை ஒட்டி நிறுத்தினாள். பாத்திகளில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டு பேரும் போனில் காதை வைத்துக்கொண்டார்கள்.

“தம்பி, நேத்து டெஸ்டிங்ல நாலாவது மாடியில ஒரு பைப் ஜாயின்ட் விட்டுடுச்சு. நம்ம பையன் ஏணி போட்டு ஏறுனான், ரெண்டே நிமிஷத்துல வால்வ மூடிட்டு எறங்கிட்டான். அவனுக்கு உன்னத் தெரியாது. எனக்குத் தெரியும்ல, அதான் சொல்லலாம்னு. ரொம்ப நன்றிப்பா.”

ஆசிப் அதை இன்னொரு முறை போட்டுக் கேட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“ஒம்போது வருஷம் வீணாப் போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன்க்கா” என்றான்.

 அன்றைக்கு நீ பார்க்காவிட்டால் நான் அப்படியே அனுப்பியிருப்பேன், அதற்கு உனக்கு நான் நன்றியே சொல்லவில்லை என்றாள் ஷமீமா. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்றான் அவன். பிறகு பதில் அனுப்புவதற்காக மூன்று முறை பேசிப் பேசி அழித்தான். நான்காவது முறை, சொன்னதற்கு நன்றி அண்ணே, அந்தப் பையன் பெயர் என்ன என்று மட்டும் கேட்டு அனுப்பினான்.

பிசியோதெரபிக்குப் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது. ஷமீமா வண்டியைக் கிளப்பினாள்.