கிணற்றுத் தெருவில் கிணறு

யேசுராஜ் வரைந்த வரைபடத்தை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்து, காற்றில் பறக்காமலிருக்க ஒரு மூலையில் தொப்பியையும் இன்னொரு மூலையில் லத்தியையும் வைத்திருந்தார் சப்-இன்ஸ்பெக்டர். ஞாயிற்றுக்கிழமை காலை. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் குடத்தோடேயே ஜீப்பைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நான் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போனபோது அவருடைய விரல் ஒரு வட்டத்தின்மேல் இருந்தது. சிவப்பு மை வட்டம். பக்கத்தில் அச்சடித்தாற்போன்ற எழுத்தில் ‘42 அடி’.

“மூணாவது தடவையா கேக்குறேன். இது என்ன?”

யேசுராஜ் தன் செருப்பைப் பார்த்தான்.

“தேரடிங்கிற. சத்திரம் இருந்த இடம்ங்கிற. பழைய சந்தைங்கிற. இதுக்கு மட்டும் வாய் திறக்க மாட்டேங்கிற. எந்த ஊரு நீ?”

“தக்கலை பக்கம் சார். எனக்க அப்பாவும் அம்மையும் அங்கதான் உண்டு.”

“பேச்சைக் கேட்டா அப்படித் தெரியலையே. கடல் தாண்டி, சிலோன்லேருந்து வந்த பேச்சு மாதிரியில்ல இருக்கு.”

“எங்க ஊருல எல்லாரும் இப்பிடித்தான் சார் பேசுவினும்.”

அந்தக் கடைசி வார்த்தையில் கூட்டம் ஒரு அடி பின்னால் போனதை நான் பார்த்தேன். இரண்டு வருஷமாக அவனோடு பேசிக்கொண்டிருந்த ஜனம்தான். ஊருக்கு வெளியே குண்டு வெடித்து நாலு வாரம்கூட ஆகவில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் பெயரை எல்லாம் ஸ்டேஷனில் எழுதிக்கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். யாராவது வெளியூர்க்காரன் டீக்கடையில் வழி கேட்டால்கூடக் கடைக்காரர் முதலில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். அப்படிப்பட்ட நாளில் ஒரு பையன் அளவு டேப்பும் கையுமாகத் தெருத்தெருவாக அளந்துகொண்டிருந்தால் யாராவது போன் போடத்தான் செய்வார்கள். யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். யார் யாருக்குப் போட்டார்கள் என்று விசாரிக்காத பழக்கம் எனக்கு உண்டு.

இந்த அளவெடுப்பு அவனால் வந்ததுமில்லை. என்னால் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஊரின் பழைய தெருக்களைப் பற்றி எழுதிவைக்கலாம் என்று ஒரு நோட்டு போட்டேன். யாரைக் கேட்டாலும் கதையாகச் சொல்ல மாட்டார்கள், பேச்சாகத்தான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதினேன். இடது ஓரத்தில் சொன்னவர் பெயர், வலதில் அவர் சொன்னது. யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று டிரங்க் கால் சீட்டு எழுதிய கை, பெயரில்லாமல் எழுத வராது. ஹைவே ஓரத்துக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த யேசுராஜ் ஒருநாள் நோட்டைப் பார்த்துவிட்டு, “அம்மா, நீங்க எழுதினது எல்லாம் எங்க இருக்குன்னு ஒரு படம் வேண்டாமா?” என்றான். ஓ.டி. இல்லாத ஞாயிறுகளில் அவன் அளப்பான், நான் கேட்பேன். எங்கள் தெருவில்தான் சிக்கல். பெயர் கிணற்றுத் தெரு. கிணறு எங்கே என்றால் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் பேச்சை மாற்றினார்கள்.

ஒரே ஒருத்திதான் சொன்னாள். மார்ச் மாதம், இதே குழாயடியில், குடம் நிரம்பும் சத்தத்துக்குள் குரலை ஒளித்துக்கொண்டு. சொல்லி முடித்ததும், “டெலிபோனம்மா, எம்பேர மட்டும் போட்றாத. அந்த வூட்ல நான் இருக்கணும்” என்றாள். சரி என்றேன். வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தேன். கை அதன் பாட்டுக்கு இடது ஓரத்தில் பெயரை எழுதிவிட்டது. பிறகு அடிக்கலாம் என்று இருந்தேன். அடிக்கவில்லை. அந்தப் பக்கம் இப்போது என் பைக்குள் இருந்தது. சொன்னவள் நாலு அடி தள்ளி, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். யேசுராஜ் ஏன் வாய் திறக்கவில்லை என்று இந்தத் தெருவில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

“வீட்டுக்காரர் யாரு?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

தாண்டவராயன் முன்னால் வந்தார். எழுபது வயது, துவைத்த வேட்டி. யேசுராஜ் இருந்தது அவர் வீட்டு மாடி ரூமில். “பேர் எழுதிக் குடுத்துட்டேன் சார். மத்தபடி எனக்கும் இவனுக்கும் ஒண்ணுமில்ல. இன்னிக்கே காலி பண்ணச் சொல்லிடறேன்.”

“இந்த வட்டம் எந்த இடம்னு தெரியுதா?”

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். தன் வீட்டையும் மாட்டுக் கொட்டாயையும் வானத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அந்தத் தெருவில் யாருக்குத்தான் தெரியும்? “இன்னாவோ கோடு கோடா கீது சார்” என்று நிமிர்ந்துவிட்டார்.

“சரி, ஏறு வண்டியில. கேக்கறவங்க கேட்டா தானா சொல்லுவே.”

கான்ஸ்டபிள் யேசுராஜின் தோளில் கை வைத்தார். அவன் என்னைப் பார்த்தான். சொல்லுங்கள் என்று கேட்கிற பார்வை இல்லை. சொல்லிவிடாதீர்கள் என்கிற பார்வை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

“சார், அந்தப் படம் என் நோட்டுக்கு வரைஞ்சது” என்றேன். “நோட்டு எங்கிட்ட இருக்கு.”

“படிங்க.”

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். நேரம் கிடைத்தால் வழி பிறக்கும் என்று நினைத்தேன். “கங்கம்மாள்: தேரடிக்குப் பின்னால டூரிங் கொட்டாய் இருந்துச்சு. எம்மாமியாரு வூட்டு ஆடு உள்ள பூந்து திரைய மேஞ்சிடுச்சு. அந்த வருஷம் பூரா எந்தப் படத்துல ராஜா வந்தாலும் முட்டிக்குக் கீழ காலே இல்ல.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. “அய்ய, அதெல்லாமா எழுதி வெச்சிகினு கீறே?” என்று கங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கான்ஸ்டபிளும் சிரித்தார். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

“வட்டத்துக்கு வாங்க.”

பக்கத்தைப் புரட்டினேன். இடது ஓரத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படித்தேன்.

“ஒருத்தி: கிணறு எங்கியும் போவல. எங்க மாமியார் சாவறதுக்கு முன்ன சொல்லிச்சு. எல்லா ஜனமும் பொதுக் கிணத்துல தண்ணி எடுக்கலாம்னு சர்க்கார் தண்டோரா போட்டாங்களாம். காலனி ஆளுங்க மறுநா கயிறும் குடமுமா வர்றதா இருந்தாங்களாம். அன்னிக்கு ராத்திரியே கல்லுப் பலகைய போட்டு மூடி, மேல மாட்டக் கட்டிட்டாங்க. அப்புறம் சுவரு, அப்புறம் கூரை. சாணி அள்ளும்போது காலால தட்டினா டங்குனு கேக்கும். கால் கீழ தண்ணிய வெச்சிகினு தெருக்குழாயில போயி வரிசையில நிக்கிறேன் நானு.”

தெருக்கோடியில் சாக்கடை தள்ளிக்கொண்டிருந்த மாரி கடப்பாறையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பினான். அவன் காலனிக்காரன்.

“ஒருத்தின்னா யாரு?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். “பேரில்லாத ஆள் சொன்னதை வெச்சு நான் மேல என்னன்னு எழுதுவேன்? நோட்டைக் குடுங்க.”

நீட்டிய கை அப்படியே நின்றது. நான் நோட்டை விடவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து வாயில் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. எக்ஸ்சேஞ்சில் அத்தனை வருஷம் எத்தனை வீட்டு ரகசியம் என் காது வழியாகப் போயிற்று, ஒன்றையும் நான் சிந்தியதில்லை.

மண்ணில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது.

“நாந்தான் சொன்னேன் சார்.” தாண்டவராயனின் மருமகள் சின்னப்பொண்ணு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அந்தம்மாவ விடு. வட்டம் எங்க வூட்டு மாட்டுக் கொட்டாய். கிணறு கீது. அந்தப் புள்ள எனக்காகத்தான் வாயத் தொறக்காம நிக்குது.”

தாண்டவராயன் அவளைப் பார்க்கவே இல்லை. சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்துத்தான் பேசினார். “பொம்பள பேச்சு சார். கொட்டாயில மாடுதான் கீது. கிணறெல்லாம் இல்ல.”

“அப்போ இந்தப் பையன் போட்ட வட்டம்?”

“அவன் இன்னாத்துக்குப் போட்டானோ. நீங்க விசாரிச்சுக்குங்க.”

அவ்வளவு சுலபமாகச் சொன்னார். கிணறு இல்லை என்றால் யேசுராஜ் ஜீப்பில் ஏற வேண்டியதுதான். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“ஏய், கடப்பாறை வெச்சிருக்கிற ஆளு. வா இங்க.”

மாரி வந்தான். எங்களோடு அந்த வீட்டு வாசல்வரை வந்து நின்றான். தாண்டவராயன் நிலைக்காலில் கை வைத்துக் குறுக்கே நின்றார். “இவன் உள்ள வர்றதுனா...” என்று தொடங்கி முடிக்காமல் விட்டார்.

“வழி விடுங்க பெரியவரே.”

கை இறங்கச் சிறிது நேரம் பிடித்தது. சின்னப்பொண்ணு எல்லாருக்கும் முன்னால் நடந்து போய் மாட்டை அவிழ்த்து வெளியே ஓட்டினாள். சாணியை ஒதுக்கி, ஒரு இடத்தில் குதிகாலால் தட்டினாள். டங்.

“இங்க போடு மாரி.”

கடப்பாறை கல்லின் இடுக்கில் இறங்கியது. முதல் நெம்பில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் மாரியின் முதுகு நரம்பெல்லாம் எழுந்தது. மூன்றாவதில் யேசுராஜ் கான்ஸ்டபிளைக் கேட்காமலே போய்க் கை கொடுத்தான். பலகை ஒரு முழம் நகர்ந்தது. கறுப்பாக ஒரு இடுக்கு. அதிலிருந்து ஜூன் மாதத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு குளிர்காற்று எங்கள் கால்களில் வந்து பட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து ஒரு கல்லை எடுத்து யேசுராஜிடம் கொடுத்தார். “நீயே போடு.”

போட்டான். கல் சுவரில் ஒருதரம் பட்ட சத்தம் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. வரைபடத்தில் 42 அடி என்றது வாசலிலிருந்து தூரம்; ஆழம் என்று எழுதிப் பக்கத்தில் அவன் கேள்விக்குறிதான் போட்டிருந்தான். அப்புறம், வெகு கீழே, தண்ணீர்.

சப்-இன்ஸ்பெக்டர் வரைபடத்தை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடு. கம்பெனி லெட்டரோட வா” என்றார். யேசுராஜ் தலையாட்டியபடி அங்கேயே கல்தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

ஜீப் கிளம்பிப் போன பிறகும் கூட்டம் போகவில்லை. தாண்டவராயன் கொட்டாய் வாசலில் நின்றார். “சின்னப்பொண்ணு” என்றார். இருபது வருஷத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “உள்ள போ.”

அவள் போனாள். கொடிக்கயிற்றோடு திரும்பி வந்தாள். அதை மாட்டுக் கயிற்றோடு சேர்த்து முடிந்து, ஒரு முனையைக் குடத்தின் கழுத்தில் கட்டினாள். குடத்தை மாமனாரைத் தாண்டி நீட்டினாள்.

“நீ எறக்கு மாரி.”

அவன் வாங்கவில்லை. வாங்காமலும் இல்லை. இரண்டு கையும் குடத்துக்குக் கீழே ஒரு விரற்கடை இடைவெளியில் நின்றன. பிறகு அவன் கையிலிருந்து குடம் இருட்டுக்குள் போனது. கயிறு அவன் உள்ளங்கை வழியாக இறங்கிக்கொண்டே இருந்தது; மறுமுனையைச் சின்னப்பொண்ணு தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மாமனாரைத் திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.