எக்கோ இல்லாமல் பாடிய இன்னாசி

இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதில்லை, சத்தியம். மீமிசல் கடலில் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்திக் கேட்டாலும் இதே கதைதான் வரும்.

இன்னாசிக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்தைந்து வருடம் திருவிழா மேடைகளில் தெம்மாங்கு பாடியவர். தவில், கீபோர்டு, ரிதம் பேடு என்று பின்னால் ஆறு பேர். ஒரு குரலை நாலாக்கிக் காட்ட எக்கோ பெட்டி. மூன்று வருடமாக விராலிமலை விழாக் கமிட்டி அவரைக் கூப்பிடவில்லை. “ஒங்க பாட்டுக்குக் கூட்டம் நிக்க மாட்டேங்குதுண்ணே” என்று செயலாளர் ரெங்கசாமி சொன்ன நாள் முதல் மனிதருக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. அந்த மேடையில் இன்னொரு தடவை ஏறாமல் சாவதில்லை என்றிருந்தார்.

புதுக்கோட்டையில் பாட்டுப் பதிவு செய்யும் சுடர்விழி கூப்பிட்டதும் முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினார். சுவரெல்லாம் மெத்தை அடித்த சின்ன அறை. ஒரு மைக், ஒரு ஸ்டூல்.

“மத்தவுங்க எங்க தாயி?”

“நீங்க மட்டுந்தாங்கய்யா. மேளம் வேணாம், எக்கோ வேணாம். வெறுங்கொரல்.”

“வெறுங்கொரல் போதும்னா அந்த ஆறு பேருக்கும் எதுக்கு இத்தன வருசம் புரோட்டா வாங்கிக் குடுத்தேன்?”

பாடினார். உட்கார்ந்தார், எழுந்தார், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டார். இரண்டாம் சரணம் முடிந்ததும் பழக்க தோஷத்தில் மைக்கை விட்டு ஒதுங்கி நின்றார். மேடையில் அந்த இடத்தில்தான் கமிட்டிக்காரர் அறிவிப்புக்கு மைக்கை வாங்குவார். இங்கே யாரும் வரவில்லை. அரை நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே குனிந்து, “செவப்புச் சட்ட போட்ட புள்ளயோட ஆத்தா, எங்கிட்டு இருந்தாலும் மேடைக்கு வரவும்” என்று சொல்லி மூன்றாம் சரணத்தை எடுத்தார்.

“அத அழிச்சிரு தாயி. மானம் போயிரும்.”

“அதுதாங்கய்யா பாட்டே.”

வீடு திரும்பியவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாட்டு என்ன ஆயிற்றென்று யாராவது கூப்பிட மாட்டார்களா என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவை நாள் முழுக்க அளந்தார்.

பிறகு பாட்டு கிளம்பியது பாருங்கள். மீமிசலில் படகுக்காரர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். அந்த அரை நிமிட அமைதியில் நண்டுகள் தாமாகவே வலைக்குள் ஏறி உட்கார்ந்தன. புதுக்கோட்டையில் கண்டக்டர் விசில் ஊத மறந்ததால் மதுரை பஸ் ஒரு மணி நேரம் நின்றது. சிவப்புச் சட்டைப் பிள்ளைகளைத் தேடிப் பதினேழு தாய்மார் இன்னாசி வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவர் மனைவி மூக்காயி அத்தனை பேருக்கும் காபி கொடுத்துவிட்டு, “பால் தீந்துபோச்சு. நாளைக்குப் புள்ளயத் தொலைக்கிறவுங்க காப்பி குடிச்சிட்டு வாங்க” என்றாள்.

கடைசியில் ரெங்கசாமி காரில் வந்து இறங்கினார்.

“அண்ணே, இந்த வருசம் நீங்கதான். பின்னாடி ஒருத்தரும் கெடையாது.”

“அறிவிப்பு யாரு சொல்றது?”

“அதையும் நீங்களே சொல்லிருங்கண்ணே, ஒங்களுக்குத்தான் நல்லா வருது.”

விராலிமலை மேடையில் இன்னாசி தனியாக நின்று பாடினார். வெடிச்சத்தத்துக்கெல்லாம் அகவுகிற மலை மயில்கள் அன்று வாயைத் திறக்கவில்லை. கடைசிப் பாட்டு வரைக்கும் ஒரு ஆள் கலையவில்லை.

மெத்தை அறையில் எடுத்த அந்தப் பதிவு இன்றுவரை சுடர்விழியின் லேப்டாப்பில்தான் இருக்கிறது. அவள் அதை இன்னும் ஒருவருக்கும் அனுப்பவில்லை. பிறகு பாட்டு எப்படி ஊரெல்லாம் போனது என்று கேட்டால், மறுபடியும் மீமிசல் கடலில் இறங்கிச் சத்தியம் செய்ய நான் தயார்.